கிளி வீட்டுக்கு வந்துவிட்டது. என்னென்ன வாங்க வேண்டும்?

மொரீஷியசின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஐயா, என் கணவரின் நண்பர் தம் வீட்டில் பொரித்த பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்றை எங்கள் மகனுக்குக் கொடுத்தார். ஆறு மாதம் ஆகிறது. கூடவே உருண்டை வடிவப் பித்தளைநிறக் கூண்டு, ஒரு கண்ணாடி, ஒரு மூட்டை சூரியகாந்தி விதை. மகனுக்கு அதன்மேல் உயிர். எங்களால் இப்போதைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். கூண்டு, தீனி, மற்ற பொருள்கள் எவற்றை வாங்க வேண்டும், எவை வேண்டாம்?"

அம்மா, கடைக்குப் போகும் முன்பே கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. முப்பது ஆண்டுகளாகக் கிளிகளோடு இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கிளி நோயுற்ற பிறகுதான் வருகிறார்கள். உங்கள் பத்தாயிரத்தில் ஏழாயிரத்தைக் கூண்டுக்கு ஒதுக்குங்கள். மீதியில் பெரும்பகுதி தீனிக்கு. விளையாட்டுச் சாமான்களை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

உங்களிடம் இருப்பது செந்தார்க்கிளி. தார் என்றால் மாலை. ஆண் கிளிக்குக் கழுத்தில் அந்த ரோஜாநிற மாலை ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் வரும். ஆகவே ஆணா பெண்ணா என்று இப்போது வெறுமனே பார்த்து யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழும். உங்கள் மகன் படித்து, வேலைக்குப் போய், திருமணம் செய்துகொண்ட பிறகும் இந்தக் கிளி உங்கள் வீட்டில் இருக்கும். வாங்குகிற பொருளை அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

முதலில் கூண்டு. அந்த உருண்டைக் கூண்டில் கிளியை இனி வைக்காதீர்கள். மேலே கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கிக் கூடுகிற இடத்தில் விரல் சிக்கும், அலகு சிக்கும். ஒதுங்கி உட்கார ஒரு மூலைகூட இல்லாததால் பறவை எப்போதும் மிரண்டே இருக்கும். எல்லாவற்றையும்விட, அதற்குள் சிறகை விரிக்க இடமில்லை. செந்தார்க்கிளி சிறகை விரித்தால் ஏறக்குறைய 45 செ.மீ.; வாலோடு சேர்த்து நீளம் 40 செ.மீ. கூண்டின் அகலம் 90 செ.மீ., ஆழம் 60 செ.மீ., உயரம் 90 செ.மீ. இருந்தால் நிம்மதி. இடமோ பணமோ போதாவிட்டால் உயரத்தைக் குறையுங்கள், அகலத்தில் கைவைக்காதீர்கள். கிளி பறக்கும்போது பக்கவாட்டில்தான் போகிறது. கடைகளில் கோபுரம்போல் ஒடுங்கி உயர்ந்த கூண்டுகள் கண்ணுக்கு அழகாக இருக்கும். அந்த உயரத்தில் பாதி கிளிக்குப் பயன்படாது.

கம்பிகளின் இடைவெளி 12 முதல் 15 மி.மீ. இருக்கட்டும். அதைவிட அகன்றால் தலையை நுழைத்துவிடும். சில கம்பிகளாவது படுக்கைவாட்டில் ஓடட்டும், ஏறி இறங்க வசதி. உலோகம் எது என்று கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள். துருப்பிடிக்காத எஃகு எல்லாவற்றிலும் மேல். விலை எட்டாவிட்டால் தரமான பவுடர் பூச்சுள்ள கூண்டு போதும். நம்மில் பலர் வலைக்கம்பி வாங்கி வீட்டிலேயே கூண்டு கட்டுகிறோம். அந்தத் துத்தநாகம் பூசிய வலையில்தான் ஆபத்து. கிளி நாள் முழுவதும் கம்பியைக் கடிக்கும். வெள்ளைத் துகளாய்ப் படிந்த துத்தநாகம் வயிற்றுக்குள் போய் நஞ்சாகும். வாந்தி, தள்ளாட்டம், வழக்கத்துக்கு மாறான பச்சை எச்சம் என்று தொடங்கும். வேறு வழியில்லாமல் அந்த வலையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், வினிகரில் நனைத்த முரட்டுத் தூரிகையால் ஒவ்வோர் இழையையும் தேய்த்துக் கழுவி, சில வாரம் மழையிலும் வெயிலிலும் போட்டுவைத்த பிறகு கட்டுங்கள். ஆபத்து குறையும், முற்றிலும் போகாது.

கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது. ஒரு வாரத்தில் திறக்கக் கற்றுக்கொள்ளும். சின்னப் பூட்டு ஒன்று போடுங்கள்.

கூடத்தில், ஒரு பக்கம் சுவரை ஒட்டி, உங்கள் மார்பு உயரத்தில் கூண்டை வையுங்கள். முதுகுக்குச் சுவர் இருந்தால் பறவைக்குத் தைரியம். காலையில் இருபது முப்பது நிமிடம் நேரான இளவெயில் படட்டும், ஆனால் கூண்டில் பாதி நிழலில் இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது. உடம்பில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தொலைக்காட்சி ஓடுகிற அறையில் கூண்டுமேல் துணியைப் போர்த்திவிட்டால் அது உறக்கம் ஆகாது.

அடுப்படிப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். இதை எழுதும்போது இன்றும் என் நெஞ்சு அடைக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசி பேசப் போனேன். திரும்பி வந்தபோது லேசான நெடிதான் இருந்தது, புகைகூட இல்லை. பக்கத்து அறையில் என் கிளி கூண்டின் தரையில் வாயைத் திறந்து கிடந்தது. கையில் எடுத்தபோது இன்னும் சூடாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சூடாகும்போது விடுகிற ஆவி நமக்குத் தலைவலி, பறவைக்குச் சாவு. பறவையின் நுரையீரலோடு ஒன்பது காற்றுப்பைகள் சேர்ந்திருக்கின்றன. மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அது காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பறப்பதற்குக் கிடைத்த அந்த வரமே நச்சுக்காற்றில் அதற்குக் கேடாகிறது. ஆகவே கிளி இருக்கும் வீட்டில் இரும்புக்கல்லும் எஃகுச் சட்டியும்தான்.

பூஜை அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூரம், ஊதுவத்தி எல்லாம் நம் வீடுகளில் நிற்காது, நிற்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கிளியை வேறு அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். புகை வெளியேறிய பிறகு திரும்பக் கொண்டுவாருங்கள். கொசுவர்த்திச் சுருள் இரவு முழுவதும் புகைகிற அறையில் கிளி உறங்கவே கூடாது. கூண்டுக்குக் கொசுவலை கட்டலாம்; நகத்தில் சிக்காதபடி கம்பியிலிருந்து சற்றுத் தள்ளிக் கட்டுங்கள்.

இனி தீனி. அந்தச் சூரியகாந்தி மூட்டையைப் பார்த்தவுடன் எனக்குக் கவலை வந்தது. கிளிக்கு அது மிகவும் பிடிக்கும். குழந்தைக்குப் பொரித்த பண்டம் பிடிப்பதுபோல. கொழுப்பு மிகுதி, சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் ஏ சத்தும் மிகக் குறைவு. ஐந்து ஆண்டு அதை மட்டுமே தின்ற கிளி ஒன்றைக் கியூர்பிப்பிலிருந்து ஒரு பெரியவர் கொண்டுவந்தார். "மூக்கு அடைத்திருக்கிறது, சளிபோல" என்றார். அலகைத் திறந்து விளக்கைப் பிடித்தேன். மேலண்ணத்தில் நுண்ணிய முட்கள்போல இருக்க வேண்டியவை மழுங்கிப்போய், நாக்கின் அடியில் அரிசி அளவில் வெள்ளைக் கட்டிகள். சளி இல்லை, வைட்டமின் ஏ குறைபாடு. தீனியை மாற்றி, மருந்து கொடுத்துத் தேற்ற மாதங்கள் ஆயின.

ஒரு நாள் தீனியில் பாதிக்குமேல் கிளிகளுக்கென்றே சத்துகளைக் கலந்து சிறு உருண்டைகளாக அழுத்திச் செய்த பெல்லட் தீனி இருக்கட்டும். வண்ணம் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு கீரையும் காயும். மிச்சம்தான் விதைக்கும் பழத்துக்கும். உங்கள் கிளி ஏறக்குறைய 120 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு மொத்தம் இரண்டு மேசைக்கரண்டி ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். பெல்லட்டை உணவென்றே தெரியாமல் கிளி பட்டினி கிடக்கும். விதையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, நான்கு முதல் ஆறு வாரத்தில் மாற்றுங்கள்.

கீரைக்கு நாம் எங்கும் தேட வேண்டாம். மொரீஷியசில் பாதி வீட்டு முற்றத்தில் முருங்கை நிற்கிறது. கிரியோல் பேசுகிறவர்கள் முருங்கைக்கீரையை "பிரேட் முரும்" என்கிறார்களே, அந்த "முரும்" நம் முருங்கையிலிருந்து போனதுதான். வைட்டமின் ஏயும் சுண்ணாம்பும் ஒரே இலையில். ஒரு கொத்தைக் கழுவி ஈரத்தோடு கூண்டின் மேற்கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். கிளி அதில் குளித்துக்கொண்டே தின்னும். அதைப் பார்ப்பதே தனி இன்பம். பூசணி, காரட், வேகவைத்த செம்மஞ்சள் சர்க்கரைவள்ளி, முளைகட்டிய பச்சைப்பயறு, பப்பாளி, கொய்யா எல்லாம் கொடுக்கலாம். பச்சை மிளகாயும் தாராளமாய்க் கொடுங்கள். மிளகாயின் எரிவை உணர்கிற அமைப்பு பறவைகளிடம் நம்மைப்போல் வேலை செய்வதில்லை. கிளிக்கு அது காரமில்லாத ஒரு காய்தான். லிச்சிப் பருவத்தில் சதையைக் கொடுங்கள், கொட்டையை எடுத்துவிட்டு.

கொடுக்கவே கூடாதவற்றில் முதலிடம் அவகாடோவுக்கு. இங்கே தோட்டம்தோறும் காய்க்கிறது, குழந்தைகள் கையில் எப்போதும் இருக்கிறது. அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும். சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். மகனிடம் இதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். சாக்லேட், தேநீர், காப்பி, மது, வெங்காயம், பூண்டு, ஊறவைத்து வேகவைக்காத பருப்பும் பீன்ஸும் கூடாது. பாலைச் செரிக்கக் கிளியால் முடியாது. தோல்பூரி (பருப்புப் பூரணம் வைத்த ரொட்டி) தின்னும்போது ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுக்கும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அந்த உப்பும் எண்ணெயும் 120 கிராம் உடம்புக்கு மிகப் பெரிய சுமை.

நம் ஊர் ஈரக்காற்றில் விதை மூட்டை விரைவில் பூசணம் பிடிக்கும், அதிலும் வாக்குவா, கியூர்பிப் பக்கம் சொல்லவே வேண்டாம். வேர்க்கடலையில் பிடிக்கும் பூசணத்தின் நஞ்சு கல்லீரலை அரிக்கும். உங்களிடம் இருக்கும் மூட்டையைச் சோதிக்க எளிய வழி: தோலோடு இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். நாலைந்து நாளில் பாதிகூட முளைக்காவிட்டால், அல்லது துணியில் புளித்த வாடை வந்தால், மூட்டையைக் கொட்டிவிடுங்கள். காசு போகிறதே என்று பார்க்காதீர்கள். இனி வாங்கும்போது மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுகிய மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

மற்ற பொருள்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உட்காரும் குச்சிகளைக் கடையில் வாங்க வேண்டாம். எல்லாம் ஒரே பருமனில், வழுவழுப்பாக இருப்பதால் உள்ளங்காலில் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். மருந்து அடிக்காத கொய்யா, சவுக்குக் கிளைகளை வெட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, 2 முதல் 3 செ.மீ. பருமனில் கோணல்மாணலாகவே பொருத்துங்கள். அரளிக் கிளை மட்டும் கூடாது, அது நஞ்சு. மணல்தாள் ஒட்டிய குச்சி காலைக் கிழிக்கும். கிண்ணங்கள் எஃகில் மூன்று: தண்ணீர், பெல்லட், காய். சுண்ணாம்புக்குக் கடல்நுரை, அதாவது கணவாயின் ஓடு, ஒரு துண்டு. கிளி விதையை உரித்துத் தின்பதால், சில பறவைகள் வயிற்றில் இரையை அரைக்க விழுங்கும் சிறு கற்கள் இதற்குத் தேவையில்லை. தரையில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். மரத்தூள் வேண்டாம், பூசணம் வரும், எச்சத்தையும் பார்க்க முடியாது. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கிளிகளிடமிருந்து நம் நுரையீரலைத் தொற்றும் நோய் ஒன்று அந்தத் தூசியில்தான் வருகிறது.

கண்ணாடியை இன்றே எடுத்துவிடுங்கள். தனித்திருக்கும் கிளி தன் உருவத்தையே துணை என்று நம்பி, அதற்கு இரையூட்டி, உங்களைக் கொத்தத் தொடங்கும். அதற்குப் பதில் தென்னை மட்டைத் துண்டு, சோளத் தோகை, உள்ளே ஒரு விதை மறைத்து முடிந்த காகிதச் சுருள். அரைநாள் அதோடு போய்விடும். நூல் பிரியும் கயிறு வேண்டாம், விரலைச் சுற்றி இறுக்கும்.

வராந்தாவில் கூண்டை வைக்க ஆசை இருந்தால் ஒன்றை யோசியுங்கள். வெளியே கூட்டமாய்க் கத்திக்கொண்டு பறக்கும் பச்சைக்கிளிகள் உங்கள் கிளியின் இனமே. 1886 அளவில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பெருகியவை. நம் மண்ணுக்கே உரிய கிளி வேறு. பிளாக் ரிவர் கார்ஜஸ் காடுகளில் வாழும், இன்னும் அடர்ந்த பச்சையும் தடித்த உடலும் கொண்ட எக்கோ கிளி அது. 1980களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அருகிப்போய், மொரீஷிய வனவிலங்கு அறக்கட்டளையும் தேசியப் பூங்காத் துறையும் கூடுகூடாகக் காத்து எழுநூறுக்கு மேல் கொண்டுவந்திருக்கின்றன. 2005 அளவில் அலகு இறகு நோய் அவற்றிடையே பரவியபோது அத்தனை உழைப்பும் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. அந்த வைரஸ் இறகுத் துகளிலும் எச்சத்திலும் பரவும், மருந்து இல்லை. வெளிக்கிளியின் எச்சம் உங்கள் கூண்டில் விழலாம், உங்கள் கிளியின் துகள் வெளியே போகலாம். ஆகவே மேலே கூரையுள்ள வராந்தாவில் மட்டும், நீங்கள் உடனிருக்கும்போது மட்டும் வையுங்கள். குரங்குகள் வரும் பகுதியில் அதுவும் வேண்டாம். இன்னொரு கிளி வாங்கினால் நாற்பது நாள் வேறு அறையில் வைத்து, மருத்துவரிடம் இந்த வைரஸ் சோதனை செய்த பிறகு சேருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் கிளியைப் பறக்கவிட்டுவிடாதீர்கள்.

அந்த உருண்டைக் கூண்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். புயல் காலத்தில், மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை அறிவித்தவுடன் கிளியை அதில் மாற்றி, ஜன்னல் இல்லாத உள்ளறைக்குக் கொண்டுபோக உதவும். ஒரு வாரத் தீனி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கனத்த துணி ஆகியவற்றை ஒரு பையில் நவம்பரிலேயே போட்டு அதன் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக, கிராம் காட்டும் சிறிய சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். நோயை மறைப்பது கிளியின் இயல்பு. கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். தராசு அதை முன்கூட்டியே காட்டிவிடும். சனிக்கிழமை காலை, தீனிக்கு முன், ஒரு குச்சியைத் தராசில் வைத்துக் கிளியை ஏறவைத்து எடையைக் குறிக்கும் வேலையை மகனிடமே கொடுங்கள். தீனி மாற்றும் வாரங்களில் தினமும் பார்க்கட்டும். 120 என்று இருந்தது 108 ஆனால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.