சிவகங்கையில் கிராஃபைட் இருந்தும் பேட்டரிக்கு ஏன் சீனாவை நம்புகிறோம்?

கிராஃபைட் என்பது கார்பனின் ஒரு வடிவம். பென்சிலில் எழுதுவது அதுதான். லித்தியம் பேட்டரியின் எதிர்மின் முனை பெரும்பாலும் இதனால் ஆனது. இதன் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் அந்த அடுக்குகளுக்கு நடுவே போய் அமர்கின்றன, இரவில் தாம்பரம் பணிமனைக்குள் வந்து நிற்கும் மின்சார ரயில்கள் மாதிரி. பேட்டரியைப் பயன்படுத்தும்போது கிளம்பிவிடும்.

சரி, நம் மண்ணிலேயே இருக்கிறதே, தோண்டினால் போதாதா? போதாது. சிவகங்கைத் தாதுவில் கார்பன் சுமார் 14 சதவீதம்தான். பேட்டரிக்கோ 99.95 சதவீதத் தூய்மை வேண்டும். துகள்களை நுண்ணிய உருண்டைகளாக்கி, மேலே கார்பன் பூச்சும் கொடுக்க வேண்டும். வயலில் நெல் விளைந்ததும் தட்டில் இட்லி வந்துவிடுமா என்ன? இந்த நடுவேலையில் உலகின் 90 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில். 2023 டிசம்பர் முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்கு அனுமதி கட்டாயம் என்று சீனா அறிவித்ததும் பல நாடுகளுக்குக் கவலை வந்தது. நமக்கு முதலில் வேண்டியது சுரங்கமல்ல, சுத்திகரிப்பு ஆலை என்பேன்.

அப்புறம், லித்தியம் பேட்டரி என்ற பெயரைப் பார்த்து லித்தியம்தான் அதில் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். எடையில் கிராஃபைட்தான் அதைவிடப் பல மடங்கு.