எங்கள் ஊர்ப் புறம்போக்கில் உள்ள குன்றைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்க வைக்க முடியுமா?

முடியும். பல்லுயிர்ச் சட்டம், 2002-இன் 37-வது பிரிவின்படி, பல்லுயிர் வளத்தில் முக்கியமான இடங்களை, உள்ளாட்சி அமைப்போடு கலந்தாலோசித்து மாநில அரசு இப்படி அரசிதழில் அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் அறிவிக்கப்பட்டது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, 2022 நவம்பரில்.

பலர் பறவைப் பட்டியலோடு தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகத்தில். 'அ' பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் வகையும் பரப்பும் உள்ள பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வைத்து, குன்றுக்குள் வரும் சர்வே எண்களை உட்பிரிவோடு எழுதுங்கள். உச்சி பாறைப் புறம்போக்காகவும், அடிவாரம் மேய்க்காலாகவும் (மேய்ச்சல் நிலம்), நடுவே யாரோ ஒருவரின் பட்டாவாகவும் இருப்பது சகஜம். பட்டா எண் ஒன்று கலந்தாலும் ஆட்சேபம் வரும், கோப்பு நின்றுவிடும். அதை விட்டுவிட்டே எல்லை போடுங்கள். காப்புக்காடு என்றால் இந்த வழி வேண்டாம், அது வனத்துறையின் கையில் இருப்பது. குவாரிக் குத்தகை நடப்பில் உள்ளதா என்பதைக் கனிமவளத் துறையில் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு. பல ஊர்களில் இது காகிதத்தோடு சரி. ஊரின் உயிரினங்களை அந்தக் குழு பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் குன்றின் பக்கங்களை நீங்களே உட்கார்ந்து நிரப்ப வேண்டியிருக்கும். "அரிய பறவைகள் உள்ளன" என்ற வரியால் பயனில்லை. எந்தப் பாறை இடுக்கு, எந்த மாதம், கூடு கட்டவா இரை தேடவா, தேதியும் ஆயத்தொலைவும் (ஜி.பி.எஸ். இட எண்கள்) உள்ள படம் எங்கே என்று இருக்கட்டும். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையாவது பதிவு செய்யுங்கள். சுனை, பழைய குளம், கல்வெட்டு இருந்தால் அவையும் சேரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கிராம சபையில் தோற்பதுண்டு. காரணம் பெரும்பாலும் ஆடு மேய்ப்பவர்களின் பயம்: "வேலி போட்டுருவாங்க." அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் வழிகாட்டுதலில், ஊரார் தாமாக முடிவு செய்வதைத் தவிர வழக்கமான பயன்பாட்டுக்குத் தடை கூடாது என்றே உள்ளது. கூட்டத்துக்கு முன்பே அவர்களைப் பார்த்துப் பேசி, மேய்ச்சலும் கோயில் வழிபாடும் தொடரும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்லி முன்னதாகவே மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். தீர்மானத்தில் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை மூன்றும் வேண்டும். சான்றிட்ட நகலை மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். கனிமவளத் துறைக்கும் ஒன்று போகட்டும். அறிவிப்பு வந்த பிறகும் அரிட்டாபட்டித் தலம் 2024-இல் டங்ஸ்டன் ஏலப் பகுதிக்குள் சேர்க்கப்பட்டது. ஊர் ஊராகப் போராடிய பிறகே, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மான நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள், அறிவிப்புக்குப் பிறகும் தேவைப்படும்.