கணினியில் ஓடும் எஞ்சினுக்கு 56 சதவீதம் வருமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் என் மகன், தானே வடிவமைத்த 110 சிசி நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறான். பயனுறுதிறன், அதாவது பெட்ரோலின் ஆற்றலில் வேலையாக மாறும் பங்கு, 56 சதவீதம் வருகிறது. நம்பலாமா? புதுச்சேரியில் ஒரு புராஜெக்ட் சென்டர், பணம் கட்டினால் சரியான ரீடிங் எடுத்துத் தருவதாகச் சொல்கிறது.

பதில்: நம்ப வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். அமுக்க விகிதத்தை (பிஸ்டன் சிலிண்டருக்குள் இருப்பதை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதை) 8 என்று வைத்து, பெட்ரோல் எஞ்சினுக்கான பாடப்புத்தகத்தின் ஓட்டோ (Otto) சுழற்சிச் சூத்திரத்தில் போட்டால் ஏறத்தாழ 56 தான் வரும். அது உராய்வும் வெப்ப இழப்பும் இல்லாத கற்பனை எஞ்சினுக்கு உரிய உச்சவரம்பு. இந்த அளவுள்ள உண்மையான எஞ்சின் 20 முதல் 30 சதவீதம் தந்தாலே நல்லது.

அளக்கும் முறை எளிது. கணினியில் எஞ்சினின் தண்டுக்குப் பிரேக் சுமை கொடுத்து, வேகம் ஏறாமலும் இறங்காமலும் நின்ற பிறகே கணக்கெடுக்க வேண்டும். வேகம் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்தால், ஃப்ளைவீல் (தண்டோடு சுழலும் கனமான சக்கரம்) விழுங்கும் ஆற்றல் கணக்கில் வராமல் போய்விடும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் சராசரி முறுக்குவிசை (தண்டைத் திருப்பும் விசை, டார்க்) 6 நியூட்டன் மீட்டர் என்றால் திறன் சுமார் 1,885 வாட். அப்போது வினாடிக்கு 0.2 கிராம் பெட்ரோல் செலவானால், கிராமுக்கு 44 கிலோ ஜூல் வீதம் உள்ளே போவது 8,800 வாட். ஆகவே பயனுறுதிறன் சுமார் 21 சதவீதம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரிகிறது. ஆகவே சிலிண்டருக்குள் ஒரு சுழற்சியில் கிடைக்கும் வேலையைப் பரப்பாகக் காட்டும் அழுத்தம்-பருமன் வரைபடத்திலிருந்து கணக்கிட்டால், 3,000 சுற்றுக்கு 1,500 எரிதல், அதாவது வினாடிக்கு 25. பரப்பு 90 ஜூல் என்றால் திறன் 2,250 வாட். பாதியாக்க மறந்தால் 4,500 என்று வந்து நிற்கும். தண்டின் முறுக்குவிசையைக் கொண்டு கணக்கிடும்போது இந்தப் பாதியாக்கம் கூடாது, ஆனால் முழு இரண்டு சுற்றுக்கும் சராசரி எடுத்தாக வேண்டும். முறுக்குவிசை வரைபடத்தின் உச்சப் புள்ளியை எடுத்தால் தொலைந்தது.

புராஜெக்ட் சென்டர்கள் விற்பது பெரும்பாலும் பெயர் மாற்றிய பழைய வரைபடங்களைத்தான். வேகம், முறுக்குவிசை, எரிபொருள் ஆகிய மூன்றின் மூல எண்களைக் கேளுங்கள், தர மாட்டார்கள். பைண்டிங்கின் தடிமனைப் பார்த்து மதிப்பெண் போடும் கல்லூரிகளும் இதற்குப் பொறுப்பு. கையெழுத்திடும் முன் வழிகாட்டி ஆசிரியர் எஞ்சினை ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னால் இந்த வியாபாரம் ஒரு பருவத்தைத் தாண்டாது.

கடைசியாக, வேலையாகக் கிடைத்த 21 போக மீதியை மகன் கணக்குக் காட்டட்டும்: புகையோடு போனது, குளிர்விப்பில் போனது, உராய்வில் போனது, எரியாமல் போன பெட்ரோல். எல்லாம் சேர்ந்து 100-க்கு அருகில் வராவிட்டால், முதலில் எரிபொருள் உள்ளீட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.