அந்தச் சதுர அடைப்புக்குறி டார்வின் போட்டதல்ல

டார்வின் கடிதங்களைத் தொகுத்த பதிப்பாசிரியர்கள் போட்டது. புவியியலாளர் லயலுக்கு டார்வின் எழுதிய கடிதத்தில் "18 [ஜூன் 1858]" என்று இருக்கிறதே, கட்டுரையில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அடைப்புக்குறியோடு அப்படியே கொடுங்கள். தாளில் டார்வின் எழுதியது 18 மட்டும்தான். ஆண்டு போடாமல் எழுதுவது அவருக்கு வழக்கம், நமக்குத்தான் தலைவலி.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் மாதமும் ஆண்டும் குருட்டு ஊகமல்ல. டார்வினைப் போலவே இயற்கைத் தேர்வுக் கருத்தைத் தனியாக எட்டிய இயற்கையியலாளர் வாலஸின் கட்டுரை இன்று கிடைத்தது என்கிறது கடிதம். இன்றைய இந்தோனேசியாவின் டெர்னாட்டே தீவில் பிப்ரவரி 1858 தேதியிட்ட அந்தக் கட்டுரை, அதே ஆண்டு ஜூலை 1 அன்று லண்டனின் லின்னியன் சங்கம் என்ற அறிவியல் சங்கத்தில் வாசிக்கப்பட்டுவிட்டது. இடையில் வேறு மாதம் பொருந்தாது.

டார்வினின் மற்ற கடிதங்களில் ஆண்டு தெரியாமல் சிக்கினால் முதலில் தலைப்பு முகவரியைப் பாருங்கள். ஆரம்பத்தில் ஃபார்ன்பரோ, பிறகு பிராம்லி, 1860களின் கடைசியிலிருந்து பெக்கன்ஹாம். வீடு அதேதான், தபால் முகவரிதான் மாறியது. பத்தாண்டுக் கணக்கு அதிலேயே பிடிபட்டுவிடும்.

ஒன்று மட்டும் கவனம்: "வாலஸின் கடிதம் ஜூன் 18 வந்தது" என்று அடித்து எழுதாதீர்கள். அந்தக் கடிதமும் உறையும் இன்று இல்லை. வாலஸ் தன் நண்பரின் தம்பி ஃபிரெடெரிக் பேட்ஸுக்கு அனுப்பிய வேறொரு கடிதத்தில் ஜூன் 3 தபால் முத்திரை இருப்பதால், டார்வினுக்கான கடிதமும் அப்போதே வந்திருக்குமோ என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. "டார்வின் சொன்னபடி" என்று சேர்த்துவிடுங்கள்.