உடுப்பும் ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

வெக்கையான கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் உடுப்புப் பற்றிய கடிதங்கள் கூடிவிடும், இந்த முறையும் அப்படித்தான். சிலவற்றுக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகச் சொல்லி நீங்கள் நல்ல துணி ஒன்றைப் பாழாக்கினால் எனக்கு மனது கேட்காது.

அம்மாவின் பழைய பருத்திச் சீலைகள் அலுமாரியில் கிடக்கின்றன. இனிக் கட்டமாட்டேன் என்கிறார். ஒன்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே வருகிற குர்தா தைக்க விருப்பம். வெட்டினால் பழுதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, உப்புவெளி)

கத்தரிக்கோலை எடுக்க முதல் சீலையை ஒரு தரம் தோய்த்து, அயன் பண்ணி, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடியுங்கள். பழைய சீலை எல்லா இடமும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. கொசுவம் வந்த பகுதி, காலில் மிதிபட்ட கீழ்க்கரை, ஊசி குத்திக் குத்தி ஓட்டை விழுந்த தோள்பட்டை இடம், வருடக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த கோடுகள், இவைதான் முதலில் போகும். சந்தேகமான இடத்தை இரண்டு பெருவிரலாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், இழை விலகினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இடுப்பில் முதல் சுற்றாக உள்ளே போகிற பக்கம் வெயில் படாததால் பெரும்பாலும் நிறமும் பலமும் அப்படியே இருக்கும். கீழ்க்கரையின் உட்பக்கம் ஃபோல் என்கிற பட்டித் துணி தைத்திருந்தால் அதைப் பிரித்தெடுங்கள். அதற்கடியில் இருக்கும் துணியின் நிறத்தைப் பார்த்தால் அம்மா அந்தச் சீலையை வாங்கிய நாளில் அது எப்படி இருந்தது என்று தெரியும்.

இப்போது வெட்டும் விதம். சீலை ஐந்தரை மீற்றர் வரை நீளம், அகலம் கிட்டத்தட்ட 45 அங்குலம். குர்தாவின் உயரத்தைச் சீலையின் அகலத்தில் எடுங்கள். அப்போது கீழ்க்கரை தானாகவே குர்தாவின் அடியில் வந்து விழும், கரை மடித்துத் தைக்கிற வேலையும் இல்லை. 45 அங்குலம் நடுத்தர உயரமுள்ள பெண்ணுக்குத் தோளிலிருந்து முழங்காலைத் தாண்டி வரும். மேற்கரையில் வெட்டுப்படுகிற துண்டுகளை எறியாதீர்கள், கை விளிம்புக்கு அவை போதும். கழுத்துக்கு மட்டும் துணியைக் குறுக்குச் சாய்வாக, மூலையிலிருந்து மூலைக்கு, ஒன்றே கால் அங்குலப் பட்டியாக வெட்டிப் பிடியுங்கள். நேராக வெட்டிய பட்டி வளைவில் சுருக்கம் விழுந்து நிற்கும்.

இறுக்கமாகத் தைக்க வேண்டாம். பழைய பருத்தி இழுபட்டால் அக்குளிலும் முதுகிலும்தான் முதலில் கிழியும். நெஞ்சளவோடு நாலு அங்குலமாவது கூட்டி வையுங்கள். மூட்டுத் தையலை பிரெஞ்சு சீம் ஆகப் போடுங்கள்: முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய ஒரு தையல், ஓரத்தை ஒட்ட நறுக்கி, உள்ளே திருப்பி, அந்த நறுக்கிய ஓரம் உள்ளே அடைபட இன்னொரு தையல். பிசிறு வராது, ஓவர்லாக் மெசினும் தேவையில்லை. அளவில் நம்பிக்கை இல்லையென்றால் முதலில் பழைய படுக்கை விரிப்பில் ஒன்று வெட்டி, தைத்து, போட்டுப் பாருங்கள். மிஞ்சிய துண்டுகளை மூன்று நாலு அடுக்காக வைத்துச் சின்னச் சின்ன ஓட்டுத் தையலால் முழுக்கத் தைத்தால் பிள்ளைக்கு மெல்லிய போர்வையாகும். வங்காளத்துப் பெண்கள் காந்தா என்று பழைய சீலைகளில் காலங்காலமாகச் செய்து வருவது இதுதான்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச்சீலை அந்த அடுக்குக்குள் இருந்தால் அதை வெட்டாதீர்கள். மற்றதையும் அம்மாவுக்குக் காட்டி, எதை எடுக்கலாம் என்று அவர் வாயால் சொன்ன பிறகு எடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து கம்பஸுக்குப் போகிறேன். காசு குறைவு. மத்திய வீதியில் மலிவு விற்பனை போடும்போது சேட் வாங்குவேன், போட்டால் தொங்குகிறது. "நானாட சேட்டா?" (அண்ணனுடைய சேட்டா?) என்று கூட்டாளிமார் கேட்கிறார்கள். புதிதாக வாங்காமல் திருத்த வழி இருக்கிறதா? (மாணவர், கிண்ணியா)

இருக்கிறது தம்பி. ஆனால் எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். சேட்டில் தோளைத் தொடாதீர்கள். தோளைக் குறைக்கக் கையைக் கழற்றி, கைக்குழியை மறுபடி வெட்டி, திரும்பப் பொருத்த வேண்டும், அந்தக் கூலிக்கு நீங்கள் இன்னொரு சேட்டே வாங்கிவிடலாம். அதனால் கடையில் விலையைப் பார்க்க முதல் தோள் தையலைப் பாருங்கள். அது தோள் எலும்பு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். அது சரி என்றால் மற்ற எல்லாவற்றையும் குறைக்கலாம்.

வயிற்றுப் பக்கம் அகலம் என்றால் சேட்டை உட்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டு, பொத்தான் பூட்டி நில்லுங்கள். கூட்டாளி ஒருவரை இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பிடித்து, அக்குளிலிருந்து கீழ் வரைக்கும் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். கழற்றி, சோக்கால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் கையால் நீளநீளமாக ஒரு தற்காலிகத் தையல் ஓடுங்கள். பிறகு நல்ல பக்கமாகப் போட்டுக் கையை மேலே தூக்கிப் பாருங்கள், கதிரையில் இருந்து பாருங்கள், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி நின்று பாருங்கள். எங்கும் இழுக்கவில்லையென்றால் மெசினில் தைத்துவிட்டு அதன் பிறகே மிச்சத் துணியை வெட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் பிடிக்காதீர்கள், பிடித்தால் சட்டைப் பை அக்குளை நோக்கிப் போய்விடும். அரைக் கை முழங்கையைத் தொட்டால் அதை மடித்து மேற்கையின் நடுவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள், அது ஒன்றே ஆளை மாற்றிக் காட்டும்.

நீங்கள் கேட்டது திருத்தத்தைப் பற்றி, ஆனால் நான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிற ஒன்றை இங்கேயும் சொல்லியாக வேண்டும்: உடம்புக்கு அளவான பழைய சேட் போட்ட பிள்ளை, அளவில்லாத விலை கூடிய சேட் போட்டவரை விட எப்போதும் வடிவாக இருப்பார். நாலு சேட் போதும். கொலரை அயன் பண்ணுங்கள், அறுந்த பொத்தானை அன்றைக்கே தையுங்கள்.

நான் ஆசிரியை. அபாயா போட்டுத்தான் பாடசாலைக்குப் போகிறேன். கச்சான் காலத்தில் வெக்கை தாங்கவில்லை. கறுப்பு நிறத்தால்தான் இப்படி என்கிறார்கள். உண்மையா? (வாசகி, மூதூர்)

பாதிதான் உண்மை ரீச்சர். 1980இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றியே ஓர் ஆய்வு வந்தது, பாலைவனத்து பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று. கறுப்பு அங்கியும் வெள்ளை அங்கியும் போட்டு வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். கறுப்புத் துணி கூடுதல் சூட்டை வாங்கியது உண்மை, ஆனால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வந்து சேரவில்லை. அங்கி தளர்வாக இருந்ததால் உள்ளே ஓடிய காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. ஆகவே உங்களுக்கு நிறத்தை விடத் துணியும் தையலும்தான் பிரச்சினை. நமக்குப் பாலைவனம் போல இல்லாமல் கடற்கரை வியர்வையும் சேர்ந்து வருகிறது, அதனால் காற்றோட்டத்தோடு வியர்வையை உறிஞ்சுகிற துணியும் வேண்டும்.

கடையில் வழவழப்பாக, அயன் தேவையில்லாமல், ஆடி விழுகிற துணிகள் பெரும்பாலும் பொலியெஸ்டர். வியர்வையை வாங்காது. தெரிந்துகொள்ள ஒரு வழி: உட்தையல் ஓரத்திலிருந்து நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தியும் ரயோனும் கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும், பட்டு தலைமயிர் கருகிய மணம் தரும். ரயோனோ மெல்லிய பருத்தியோ எடுங்கள். ரயோன் நனைந்திருக்கும்போது பலம் குறைவு என்பதால் தோய்த்தபின் முறுக்கிப் பிழியாமல் விடுங்கள். லைனிங் இருந்தால் கழற்றுங்கள். தைக்கக் கொடுக்கும்போது அக்குளிலும் கையிலும் அகலம் கூட்டச் சொல்லுங்கள், நடக்கும்போது காற்று உள்ளே போய் வர அதுதான் வழி. உள்ளுக்குப் போடும் உடுப்பும் பருத்தியாக இருக்கட்டும், மேலே எவ்வளவு நல்ல துணி போட்டும் உள்ளே பொலியெஸ்டர் என்றால் பயனில்லை.

வெள்ளைப் பருத்திக் குர்தாவில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டுவிட்டது, கறை போகவில்லை. வெங்காயத் தோலால் வீட்டிலேயே சாயம் போடலாமாம். எப்படி? (வாசகி, சாம்பல்தீவு)

போடலாம், நல்ல பொன்னிறம் வரும். ஆனால் தேயிலைக் கறை இருக்கும் இடம் சாயத்தைக் கூடுதலாகப் பிடிக்கும், மறையாமல் கருமையாகவே தெரியும். அதனால் சாயம் போடுவதற்கு முன் கறையிலும் அதைச் சுற்றியும் ஆங்காங்கே துணியைச் சின்னக் குமிழாகப் பிடித்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள். சாயத்தில் வட்டங்கள் விழும், கறை அந்தக் கோலத்துக்குள் கலந்துவிடும்.

குர்தாவைச் சவர்க்காரத்தில் தோய்த்துப் பசை போக்கிய பின், கடுக்காய்த் தூள் கரைத்த சுடுநீரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். பருத்தி சாயத்தைச் சும்மா பிடிக்காது, அதற்குத்தான் கடுக்காய். பிறகு 100 கிராம் துணிக்கு 15 கிராம் என்ற கணக்கில் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து ஒரு மணித்தியாலம் வையுங்கள். குமிழ் கட்டுவது இதற்குப் பிறகு. வெங்காயத் தோல் துணியின் எடைக்குச் சமமாக வேண்டும். பம்பாய் வெங்காயத்தின் காய்ந்த வெளித்தோலைக் கடைக்காரரிடம் கேட்டால் பையோடு தருவார், அவருக்கு அது குப்பை. ஒரு மணித்தியாலம் அவித்து, வடித்து, துணியைப் போட்டு, கொதிக்க விடாமல் மெல்லிய நெருப்பில் இன்னொரு மணித்தியாலம். ஆறும்வரை அப்படியே விட்டு எடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் நல்லது, இரும்புச் சட்டி நிறத்தைக் கருக்கும். சாயம் போட்ட பாத்திரத்தில் பிறகு சமைக்க வேண்டாம்.

சாயம் போட்டு முடிந்த பிறகு உப்பும் வினாகிரியும் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் நிறம் நிற்கும் என்று சொல்வார்கள். பருத்தியில் அது ஒன்றும் செய்யாது, பிடிக்க வேண்டியதைப் படிகாரம் முன்னமே பிடித்துவிட்டது. மஞ்சள்தூளில் சாயம் போடச் சொன்னாலும் கேட்காதீர்கள், பார்க்க அழகாக வரும், நம் வெயிலில் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். நிழலில் காய விடுங்கள்.

எனக்குக் கறுப்பு நிறம். மஞ்சள், சிவப்பு எடுத்தால் கடையிலும் சொந்தக்காரரும் "பிள்ளைக்கு இது எடுபடாது, மங்கல் நிறமாகப் பாருங்கோ" என்கிறார்கள். எனக்கு என்ன நிறம் பொருந்தும்? (வாசகி, திருகோணமலை)

உங்களுக்கு மஞ்சள் பொருந்தும், சிவப்பு பொருந்தும், மயில்நீலமும் கரும்பச்சையும் பொருந்தும். கருந்தோலில் ஆழமான, நிறைந்த நிறங்கள்தான் எழும்பி நிற்கும். அவர்கள் எடுத்துத் தருகிற சாம்பலும் வெளிறிய ஊதாவும்தான் முகத்தை வாட்டிக் காட்டும், அதைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்து, குறை தன் நிறத்தில் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். இதை நினைக்க எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. பத்திரகாளி அம்மனுக்குச் சிவப்புப் பட்டுச் சாத்தி, கண்ணெடுக்காமல் பார்த்துக் கும்பிடுகிற ஊர் இது, அந்த அழகை ரசிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே முடிவெடுக்காதீர்கள். துணியைக் கழுத்தோடு வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். முதலில் கண்ணும் முகமும் தெரிந்து பிறகு துணி தெரிந்தால் அது உங்கள் நிறம். பயமாக இருந்தால் கரும்பழுப்புச் சட்டைக்கு மஞ்சள் ஷோலில் தொடங்குங்கள், ஆனால் அந்த ஷோலோடு நின்றுவிட வேண்டாம்.

மார்கழி மழைக்கு அலுமாரியில் பட்டுச் சீலையில் பூஞ்சணம் பிடிக்கிறது. (வாசகி, கன்னியா)

பொலித்தீன் பையில் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எடுத்துவிட்டு, தோய்த்த பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி மடியுங்கள். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

தைக்கப் பழக விருப்பம். பழைய கால் மெசின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, சிங்கர். வாங்கலாமா, புதிய மின்சார மெசினுக்குக் காத்திருக்கவா? (வாசகி, நிலாவெளி)

நல்ல நிலையில் இருந்தால் அதையே வாங்குங்கள். சிங்கர் 1877இல் இருந்து இலங்கையில் இருக்கிறது, அதனால் பழைய மெசினுக்கும் உதிரிப்பாகம் தேடலாம், பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கால் மெசினில் வேகம் உங்கள் காலில் இருப்பதால் பழகுகிறவருக்கு நல்லது, கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

போய்ப் பார்க்கும்போது நீங்களே புது ஊசி கொண்டுபோங்கள், 14ஆம் இலக்கம் சாதாரணப் பருத்திக்கு, 16ஆம் இலக்கம் ஜீன்ஸுக்கு. முதலில் சில்லைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள், ஓரிடத்திலும் பிடிக்கக்கூடாது. பிறகு இரண்டு மடிப்புப் பருத்தியில் தைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். கீழ்ப்பக்கம் நூல் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் சரியாகக் கோக்கப்படவில்லை அல்லது இறுக்கம் போதவில்லை, அதைத் திருத்தலாம், விலையைக் குறைக்கக் கேட்கவும் அது போதாது. கீழ்நூல் சுற்றிய பொபின் இருக்கும் இடத்தைத் திறந்து துரு பாருங்கள், கடற்கரை வீட்டில் இருந்த மெசின் என்றால் கட்டாயம் பாருங்கள். உங்கள் வீட்டுக்கும் அந்த உப்புக்காற்று உண்டு, ஆகவே மெசின் எண்ணெயும் மூடிவைக்கத் துணி உறையும் சேர்த்து வாங்குங்கள். கடைசியாக, பழைய ஜீன்ஸ் துண்டை நாலாக மடித்து 16ஆம் இலக்க ஊசியில் தைக்கச் சொல்லுங்கள். தையல் தவறாமல் ஏறி இறங்கினால் காசைக் கொடுத்துவிட்டு ஏற்றிக்கொண்டு வாருங்கள்.