கமாண்டோஸ்: பழைய நினைவும் புதிய விலையும் (நுகர்வோர் கேள்வி-பதில்)

எதிரியின் கண்ணில் படாமல் நகர்ந்து தாக்கும் ‘கமாண்டோஸ்’ தொடரின் புதிய கேமான ‘கமாண்டோஸ்: ஆரிஜின்ஸ்’ 2025 ஏப்ரல் 9 அன்று வெளிவந்தது. அதைப் பற்றி வந்த கடிதங்களில் ஆறு, சுருக்கப்பட்ட வடிவில் இங்கே இடம்பெறுகின்றன.

கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கமாண்டோஸ் ஆடியவன் நான். புதியதை முழு விலை கொடுத்து வாங்கலாமா? (வாசகர், கோவை)

நீங்கள் ஆடிய முதல் கேமை 1998இல் மாட்ரிட் நகரத்துப் பைரோ ஸ்டூடியோஸ் உருவாக்கியது. 2001இலும் 2003இலும் தொடர்ச்சிகள் வந்தன. 2006இல் வந்த ‘ஸ்ட்ரைக் ஃபோர்ஸ்’ இத்தொடரைச் சாதாரணத் துப்பாக்கிச் சண்டையாக மாற்றியது. அதன்பின் நெடுங்காலம் புதிய கமாண்டோஸ் எதுவும் வரவில்லை. 2018இல் ஜெர்மனியின் கலிப்ஸோ நிறுவனம் உரிமையை வாங்கியது. அதன் கீழ் டார்ம்ஷ்டட் நகரில் இயங்கும் கிளேமோர் குழுதான் இப்போதைய கேமைச் செய்திருக்கிறது. கிரீன் பெரே (அதிரடி வீரர்), மரீன் (கடற்படை வீரர்), ஸ்னைப்பர் (தொலைவிலிருந்து சுடுபவர்), சாப்பர் (வெடிமருந்து வல்லுநர்), டிரைவர், ஒற்றன் ஆகிய அறுவரும் இரண்டாம் உலகப்போரில் எப்படி ஒரே குழுவாகச் சேர்ந்தார்கள் என்பதே கதை.

காவலரின் பார்வை எட்டும் பகுதியைக் கணித்துக்கொண்டு ஊர்ந்து கடப்பது, வீழ்த்தியவரின் உடலைப் பிறர் கண்ணில் படாமல் இழுத்து மறைப்பது ஆகிய அடிப்படைகள் மாறவில்லை. முதல் கேமில் ஒரே கோணத்தில் நின்ற காட்சியை இப்போது சுற்றித் திருப்பலாம். வீரர்கள் பலருக்குக் கட்டளையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஒரே நொடியில் செயல்பட வைக்கலாம். இந்தப் பிந்தைய வசதியை ‘ஷேடோ டாக்டிக்ஸ்’ (2016), ‘டெஸ்பராடோஸ் 3’ (2020) ஆகியவற்றின் மூலம் மெருகேற்றியது மியூனிக்கின் மிமிமி நிறுவனம். கமாண்டோஸ் இல்லாத காலத்தில் இவ்வகை ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்த அந்நிறுவனம் 2023இல் மூடப்படுவதாக அறிவித்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஒரு முற்றத்தைக் கடக்க அரை மணி நேரம் காத்திருக்கும் பொறுமை உங்களிடம் இன்னும் இருக்குமானால் வாங்குங்கள். ஆனால் வெளிவந்த வாரத்தில் விமர்சகர்கள் பலர் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள்; அவற்றில் எவையெல்லாம் திருத்தப்பட்டன என்பதை அண்மைய மதிப்புரைகளில் பார்த்துவிட்டு, தள்ளுபடிக் காலத்தில் வாங்குவதே சரி.

என்னிடம் இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலக லேப்டாப். வாங்கினால் ஓடுமா? (வாசகி, ஈரோடு)

அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள். 1998இல் வந்த முதல் கேம் இன்றும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் கிடைக்கிறது. உங்கள் லேப்டாப்புக்கு அது போதும்.

பதினொரு மணி நேரம் ஆடிவிட்டேன். பிடிக்கவில்லை. ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறது. வழக்குத் தொடரலாமா? (வாசகர், சென்னை)

வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது ஸ்டீம் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் விதி. அதைப் படிக்காமல் பதினொரு மணி நேரம் ஆடியிருக்கிறீர்கள். கேம் உங்கள் கணினியில் ஓடியது, சொன்னபடி இருந்தது, பிடிக்கவில்லை என்பது மட்டுமே குறை என்றால் உங்கள் பக்கம் நியாயம் இல்லை.

முகநூல் வழியாக அறிமுகமான ஒருவர் நாலில் ஒரு பங்கு விலைக்கு ‘ஆரிஜின்ஸ்’ தருவதாகச் சொன்னார். யுபிஐயில் பணம் அனுப்பினேன். ஒரு ஸ்டீம் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. மூன்றாம் வாரம் கடவுச்சொல் மாறிவிட்டது. அவர் என்னை முகநூலில் பிளாக் செய்துவிட்டார். என் முதல் மாதச் சம்பளத்தில் எனக்கென்று வாங்கிய ஒரே பொருள் இது. (வாசகர், திருநெல்வேலி)

இதில் நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர் அவர். உங்களுக்கு அவர் விற்றது கேமை அன்று, தன் கணக்கின் திறவுகோலை. அதே கணக்கைப் பலருக்கு விற்றுவிட்டுப் பின்னர் எல்லாரையும் வெளியே தள்ளுவது இத்தொழிலில் வழக்கம். கணக்கை விற்பதையே ஸ்டீமின் ஒப்பந்தம் தடை செய்வதால் அவர்களிடம் முறையிட்டுப் பயன் இருக்காது. இன்றே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பரிவர்த்தனை எண், உரையாடலின் படங்கள், அவருடைய யுபிஐ முகவரி ஆகியவற்றைச் சேர்த்து வங்கியிலும் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள். மூன்று வாரம் கடந்துவிட்டதால் பணம் திரும்புவது கடினம் என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் உங்கள் புகார் அவருடைய வங்கிக் கணக்கை முடக்கினால் அடுத்து ஏமாறவிருப்பவர் தப்புவார். பதிவு பெற்ற கடையாக இருந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் பயன்பட்டிருக்கும்.

அடுத்த கமாண்டோஸ் அறிவிக்கப்பட்டால் உடனே முன்பதிவு செய்யலாமா? கேமில் வரும் வீரர்களுக்குக் கூடுதல் உடைகள் தருவார்களாமே. (வாசகர், தஞ்சாவூர்)

செய்யாதீர்கள். இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். முன்பதிவு என்பது கடைகளில் பெட்டியாகக் கேம் விற்ற காலத்தின் பழக்கம். பெட்டிகள் தீர்ந்துபோகும் என்பதால் அப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது. பதிவிறக்கத்தில் தீர்ந்துபோக எதுவும் இல்லை. முன்பணம் கொடுத்தவர் எந்த நிலையில் வந்தாலும் வாங்கிக்கொள்வார் என்று தெரிந்த பிறகு, பிழைகளை வெளியீட்டுக்கு முன்பே திருத்தவேண்டிய அவசரம் விற்பவருக்குக் குறைந்துவிடுகிறது. ‘ஆரிஜின்ஸ்’ 2024இல் வரும் என்று சொல்லி 2025க்குத் தள்ளப்பட்டது. அவ்வளவு காத்திருந்தும் பிழைகளோடுதான் வந்தது. இத்தொடரிலேயே இன்னொரு சான்றும் உண்டு. 2020 ஜனவரியில் வந்த ‘கமாண்டோஸ் 2’இன் புதுப்பிப்பைப் பழைய ரசிகர்களே கடுமையாகக் குறை கூறினார்கள்.

நானும் இப்படிப் பணம் இழந்திருக்கிறேன். இளமையில் நான் பெரிதும் நேசித்த வேறொரு தொடரின் மறுபதிப்புக்கு, வெளிவர நான்கு மாதம் இருக்கும்போதே உயர்ந்த விலைப் பதிப்பின் பணத்தைக் கட்டினேன். வந்த நாளில் சேமித்த ஆட்டங்கள் திறக்கவில்லை. அடுத்த பேட்ச் (பிழைதிருத்தப் பதிவிறக்கம்) சரிசெய்யும், அதற்கடுத்தது சரிசெய்யும் என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்ததிலேயே இரண்டு மணி நேர வரம்பு கடந்துவிட்டது. ஸ்டீமில் முன்பதிவு செய்த பணத்தை வெளியீட்டுக்கு முன் எப்போது கேட்டாலும் திருப்பித் தருவார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்ட எவருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. வெளியீட்டு நாளுக்கு முந்திய இரவுக்குள் முடிவெடுங்கள்.

பன்னிரண்டு வயது மகனும் நானும் சேர்ந்து ஆட முடியுமா? (வாசகி, மதுரை)

முடியும். இருவர் ஒரே திரையைப் பிரித்துக்கொண்டும் ஆடலாம், இணையம் வழியாகவும் ஆடலாம். ஆனால் பின்னால் சென்று கத்தியால் குத்திக் கொல்வது இந்தக் கேமில் அடிக்கடி வரும். முதல் கட்டத்தை நீங்கள் தனியாக ஆடிப் பார்த்து, மகனுக்குக் காட்டலாமா என்பதை, ஸ்டீமில் பணம் திரும்பப் பெறுவதற்கான இரண்டு மணி நேரம் முடிவதற்குள் தீர்மானியுங்கள்.