சீனாவில் ஆசிரியர் வேலை: முதல் மாதம் எதை முதலில் முடிப்பது?

இசட் விசாவில் (வேலை விசா) வருபவர் போலீஸ் பதிவு, சிம், வங்கி இவற்றில் எதை முதலில் முடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போலீஸ் பதிவுதான் முதலில். ஓட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். வாடகை வீடென்றால் 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தத்தோடு அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அங்கே தரும் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பார்கள். அப்போது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் சிம்மை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். வங்கி ஒப்புக்கொண்டால் கணக்கையும்.

பெரும்பாலும் சிக்கல் பெயரில்தான். சிம், வங்கி, வீசாட் (பணமும் செலுத்த உதவும் சீன அரட்டைச் செயலி) மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே, இடைவெளி உட்பட, பெயர் இருக்க வேண்டும். மாறினால் வீசாட்டில் கார்டு இணையாது. கவுன்டரை விட்டு எழுவதற்கு முன் திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சம்பளம் வரும்வரை அலிபே என்ற பணச் செயலியில் வெளிநாட்டு விசா கார்டு அல்லது மாஸ்டர் கார்டைச் சேர்த்துச் சமாளிக்கலாம்.